சுகர் இறங்கி மயங்கியவருக்கு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்: கை ஏன் வீங்கியது?

கேள்வி: சிறிய மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 68 வயதுக்காரர் மயங்கி வந்தார். சுகர் 38. புறங்கையில் ஊசி போட்டு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 100 மில்லியை மளமளவென்று ஏற்றினோம். விழித்துவிட்டார். ஆனால் கை சிவந்து வீங்கியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி மயக்கம். எங்கே தவறு?

பதில்: மருந்தில் தவறில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போய், நினைவும் தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நரம்பு வழிதான் சரி. தவறு, ஊசி போட்ட இடத்திலும் அதற்கப்புறம் பார்க்காமல் விட்டதிலும் இருக்கிறது.

இரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் செறிவு (ஆஸ்மோலாரிட்டி) லிட்டருக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல். இந்த 25 சதவீதக் கரைசலுக்கு 1,260-க்கு மேல். 50 சதவீதம் என்றால் 2,500. இது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையில் புண்ணாகி, தோலே கறுத்து உரியலாம். ஆகவே புறங்கையின் மெல்லிய நரம்பை விட்டு, முழங்கை மடிப்பு போல பெரிய நரம்பைப் பிடியுங்கள். முதலில் சலைன் செலுத்தி ஓட்டம் சரியா என்று பாருங்கள், பிறகு மெதுவாக ஏற்றுங்கள், முடிந்ததும் மறுபடி சலைன். நோயாளி எரிச்சல் என்றாலோ வீக்கம் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். கேனுலாவை (நரம்பில் செருகிய குழாயை) அவசரப்பட்டுப் பிடுங்காமல், அதன் வழியே உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சிவிட்டு எடுத்து, கையை உயர்த்தி வைத்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால், 10 சதவீதக் கரைசல் கையிருப்பில் இருந்தால் அதுவே நல்லது. 150 முதல் 200 மில்லி வரை, 15 நிமிடத்தில். நரம்புக்கும் பாரம் குறைவு, சுகரும் தாறுமாறாக எகிறாது. குழந்தைகளுக்கோ 10 சதவீதம்தான், எடைக் கணக்கில்: பச்சிளங்குழந்தைக்கு கிலோவுக்கு 2 மில்லி.

சரி, மறுபடி ஏன் மயங்கினார்? நீங்கள் ஏற்றியது 25 கிராம் சர்க்கரை. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் அவர் சர்க்கரை நோய் மாத்திரை விழுங்கியிருந்தால், அதன் வேலை அவ்வளவு சீக்கிரம் தீராது. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போல நெடுநேரம் சுகரை இறக்கும் வகையா, சிறுநீரகம் எப்படி என்று வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த வகை என்றால் ஒரு நாளாவது படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். 15 நிமிடத்தில் ஒரு சோதனை, பிறகு டாக்டர் சொல்லும்படி அடிக்கடி. சொட்டு ஏறும் கையில் இரத்தம் எடுத்தால் பொய்யான எண் வரும், அடுத்த கையில் எடுங்கள். விழுங்க முடிந்ததும் இட்லியோ ரொட்டியோ கொடுங்கள். தேவைப்பட்டால் 10 சதவீதக் கரைசல் தொடர்ந்து ஓடட்டும்.

குடிப்பழக்கம் உள்ளவர், பல நாள் சாப்பிடாதவர் என்றால் தயமினும் (வைட்டமின் பி1) போட வேண்டும். அதற்காகக் குளுக்கோஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க, தெம்பா இருக்கும்" என்று கேட்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். 5 சதவீதத்தில் அரை லிட்டர் ஏற்றினால் கிடைப்பது 100 கலோரிகூட இல்லை. உடல் அந்தச் சர்க்கரையை எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர்; வயிற்றுப்போக்கில் பிரஷர் இறங்கியவருக்கும் தலையில் அடிபட்டவருக்கும் அது உதவாது, சோடியத்தைக் குறைத்து மூளை வீக்கத்தைக் கூட்டவும் கூடும். வயிற்றுப்போக்குக்காரருக்கு சலைனோ ரிங்கர் லாக்டேட்டோதான். தலையில் அடிபட்டவருக்கு சலைன். ஆனால் சுகரைப் பார்த்துவிடுங்கள், அது இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தயங்காமல் கொடுக்கலாம்.