இம்பிளான்ட் பொருத்திய பின் வலி நின்றுவிட்டது, அந்தப் பக்கம் மென்று சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.9. கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் 18 நாள்களுக்கு முன்பு இம்பிளான்ட் பொருத்தினார்கள். தையலும் பிரித்தாகிவிட்டது. ஈறுக்கு மேலே சட்டைப் பொத்தான் போல ஓர் உலோக மூடி தெரிகிறது. வலியோ வீக்கமோ இல்லாததால் இரண்டு நாள்களாக அந்தப் பக்கத்திலும் மென்று சாப்பிடுகிறேன். ஆனால் மூடி அசைந்துவிடுமோ என்ற பயத்தில் அங்கு மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கொடுத்த மவுத்வாஷால் கொப்பளிப்பதோடு சரி. மூன்று மாதம் கழித்துத்தான் பல் வைப்பார்களாம். அதுவரை எப்படிக் கவனித்துக்கொள்வது? – வாசகி, கும்பகோணம்.

பதில்: இன்றைக்கே இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். வலது பக்கம் மெல்லுவதை நிறுத்துங்கள். பிரஷ் படாமல் விட்டிருக்கும் அந்த மூடியைச் சுற்றித் துலக்கத் தொடங்குங்கள்.

இம்பிளான்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காகத் தாடை எலும்புக்குள் முறுக்கி வைக்கப்படும் டைட்டானியம் திருகு. டைட்டானியத்தோடு உயிருள்ள எலும்பு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதை முயல்களிடம் செய்த ஆய்வில் கண்டறிந்த சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க், 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பொருத்தினார். அந்த ஒட்டுதல் நடந்து முடியக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதமும், எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடையில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். பொருத்திய அன்று திருகு உறுதியாக நிற்பதற்குக் காரணம், மரத்தில் முறுக்கிய திருகைப் போல அது பழைய எலும்பைக் கவ்விக்கொண்டிருப்பதுதான். அடுத்து வரும் நாள்களில் உடல் அந்தப் பழைய எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கிறது. பழைய பிடி தளர்ந்து, புதிய பிடி இன்னும் முழுமையாக இறுகாமல் இருக்கும் காலம் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் வருகிறது. நீங்கள் இப்போது இருப்பது சரியாக அந்தக் கட்டத்தில். ஈறு ஆறி வலி நின்றுவிட்ட இதே வாரங்களில் எலும்புக்குள் திருகின் பிடி மிகவும் குறைந்திருக்கிறது என்பதை நோயாளிகளுக்கு நாங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் மென்றதால் கெடுதல் நேர்ந்திருக்கும் என்று அஞ்ச வேண்டாம். அடுத்த முறை போகும்போது இதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் போன்றவற்றை இடது பக்கமாகவே மென்று சாப்பிடுங்கள். முறுக்கு, வறுகடலை, கரும்பு, எலும்போடு கூடிய இறைச்சி ஆகியவை பல் வைக்கும்வரை வேண்டாம். மென்மையான உணவு என்றதும் பலர் மூன்று வேளையும் கஞ்சிக்கு மாறிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அதனால் சர்க்கரை ஏறிவிடும். மசித்த பருப்பு, தயிர், முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வேகவைத்த காய் ஆகியவை மெல்ல எளிதானவை, புண் ஆறத் தேவையான புரதமும் இவற்றில் உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது எலும்பு ஒட்டுவது தாமதமாகும், கிருமித்தொற்றும் எளிதில் வரும். 7.9 என்ற அளவு அறுவை சிகிச்சைக்கே தடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மூன்று மாதத்துக்குள் அதை 7க்குப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதை அறவே விட்டுவிடுங்கள். வெறும் வெற்றிலை பாக்கும் இப்போது வேண்டாம்.

இனி, திருகின் மேல் முறுக்கி வைத்திருக்கும் அந்த மூடியைப் பார்ப்போம். கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் விலக்கி, கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். உலோகமும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் வெண்மஞ்சளாக மாவு படிந்தது போல ஒரு வளையம் தெரியக்கூடும். அது கிருமிகள் சேர்ந்து உருவாக்கிய படலம். கொப்பளிப்பதால் மட்டும் அது போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிறிய தலையுள்ள, மிக மென்மையான பிரஷை நனைத்து, இழைகள் பாதி மூடியிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். நாக்குப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். காலையும் இரவும் இப்படிச் செய்தால் போதும். முதல் ஓரிரு நாள் சிறிது இரத்தம் கசிந்தால் அதற்காக நிறுத்திவிட வேண்டாம். இந்தத் தேய்ப்பில் மூடி கழன்றுவிடாது. நாக்கு பட்டாலே மூடி சுழல்கிறது என்றால் மூடியின் மறை தளர்ந்திருக்கலாம். நீங்களே முறுக்கப் பார்க்காமல் மறுநாளைக்குள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஏனெனில் மூடி இல்லாத இடத்தை ஈறு சில நாள்களிலேயே மூடத் தொடங்கிவிடும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரம் வரைதான் தருவோம். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். உங்களுக்குக் கொடுத்தது அதுதானா, நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதுமானது.

முதல் வாரத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள். இனிமேல் பொருத்திக்கொள்ளப் போகும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் துப்பவோ ஸ்ட்ராவால் உறிஞ்சவோ கூடாது, கன்னத்தில் வெளிப்புறமாக விட்டுவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், இரவு தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடி, பிறகு வடியும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நின்றுபோன வலி திரும்ப வருவது, சீழ் அல்லது கெட்ட சுவை, திருகே ஆடுவது போன்ற உணர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கீழ்த்தாடையில் பொருத்தியவர்கள், மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் தணிந்த பிறகும் உதடும் மோவாயும் மரத்தே இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திருகு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம், அதில் தாமதம் நல்லதல்ல.

பல் வைத்த பிறகும் கவனம் தேவை. இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் உண்டு. கல் கடிபட்டவுடன் நாம் துள்ளுவது அதனால்தான். இம்பிளான்டுக்கு அது கிடையாது. அதில் சொத்தை விழாது, கூச்சமும் வராது, ஆனால் சுற்றியுள்ள எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெகுநாள் வலிக்காது. பல் வைத்து எட்டு ஆண்டு ஒருமுறைகூடப் பரிசோதனைக்கு வராத ஒருவர், 'துலக்கும்போது லேசாக இரத்தம் வருகிறது, வேறு தொந்தரவு இல்லை' என்று வந்தார். எக்ஸ்ரேயில் திருகின் பாதி நீளத்துக்கு எலும்பு இல்லை. ஈறில் இரத்தம் கசியும் கட்டத்திலேயே வந்திருந்தால் சுத்தம் செய்தே சரிசெய்திருக்கலாம். எலும்பு போன பிறகு சிகிச்சை கடினம், அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் கனத்தது. எனவே பல் வைத்ததும், கம்பியில் பிளாஸ்டிக் பூசிய இடைப்பல் பிரஷை எந்த அளவில் வாங்க வேண்டும் என்று கேட்டு, அதை நுழைத்துச் சுத்தம் செய்யும் முறையை அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனைக்குப் போங்கள்.

உங்களுக்குப் பொருத்திய இம்பிளான்டின் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு அதன் பெட்டியிலேயே வரும். அதை ஓர் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் மறை தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் கருவியைத் தேடும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.