அண்ணனுக்குச் சரிவு, நண்பருக்கு மேடு

கேள்வி: எங்கள் தெரு முனையில் புதிதாக நடைபாதை போடப் போகிறார்கள். வீல்சேரில் போகும் என் அண்ணன், ரோட்டில் இறங்கும் இடத்தில் துளி மேடுகூட இருக்கக் கூடாது என்கிறார். பார்வையில்லாத பக்கத்து வீட்டு நண்பரோ, மேடே இல்லையென்றால் ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோலுக்குத் தெரியாது, வண்டி முன்னால் போய் நின்றுவிடுவேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா. யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜப்பானில் இதே சிக்கல் வந்தபோது நடைபாதையைச் சரித்து இறக்கி, ரோட்டைத் தொடும் இடத்தில் 2 சென்டிமீட்டர் மட்டும் உயரம் விட்டார்கள். கோலும் தட்டும், சக்கரமும் ஏறும் என்பது கணக்கு. ஆனால் கையில் வலு குறைந்தவருக்கு அந்த 2 சென்டிமீட்டரே பெரிய தடைதான். அதனால், சரிவை உங்கள் அண்ணன் கேட்கிறபடி ரோட்டோடு ஒட்டியே இறக்கச் சொல்லுங்கள், மேடு செய்த வேலையை மஞ்சள் டைல்ஸ் செய்யட்டும் என்பேன்.

மெட்ரோ ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்களே, அதுதான். ஜப்பானின் ஒகாயாமா நகரைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது. 1967 மார்ச்சில் அந்த ஊர் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்து ரோட்டில்தான் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், குமிழ் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். இரண்டையும் அழகுக்காக மாற்றிப் பதிப்பதும், கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுவதும் நம் ஊரில் நடக்கிறது, பார்த்தால் வயிறு எரிகிறது. நிறமும் முக்கியம். மங்கலாகவாவது பார்வை இருப்பவர்கள் அந்த மஞ்சளை வைத்துத்தான் வழி பிடிக்கிறார்கள், தரையோடு தரையாகச் சாம்பல் நிறத்தில் போட்டால் அவர்களுக்கு அது இல்லாத மாதிரிதான்.

அப்புறம், அந்தக் குமிழ்கள் வீல்சேரைக் குலுக்கும், முதுகுவலிக்காரருக்கு அது தண்டனை. ஆகவே சரிவின் கடைசியில் மட்டும், முழு அகலத்துக்கும், நடக்கும் திசையில் இரண்டு அடி நீளத்துக்குப் பதித்தால் போதும். அதற்கும் குறைத்தால் உங்கள் நண்பர் கால் படாமலே ஒரே எட்டில் தாண்டிவிடுவார். நடைபாதை நெடுக வரும் கோட்டு டைல்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கி, மீதியை வழவழப்பாக விடச் சொல்லுங்கள்.

சிக்னலும் வைக்கிறார்கள் என்றால் அதிலும் இதே கதைதான். விளக்கு மட்டும் இருந்தால் பார்வையற்றவருக்கு உதவாது, கீச்சொலியைச் சேர்த்தாலும் பார்வையும் செவியும் இல்லாதவருக்கு உதவாது. பிரிட்டனில் பல இடங்களில் பொத்தான் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கூம்பு இருக்கும். கடக்கலாம் என்றால் அது சுழலும், விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

சிமென்ட் போடுவதற்கு முன்னால் நாலு டைல்ஸைச் சும்மா தரையில் பரப்பி வையுங்கள். அண்ணனையும் நண்பரையும் ஒரே நாளில் வரச்சொல்லி, கான்ட்ராக்டரையும் பக்கத்தில் நிறுத்தி, ஒருவர் உருட்டியும் ஒருவர் நடந்தும் பார்க்கட்டும்.