வாசகர் கேள்வி: தீபாவளிக்கு முன் நன்றிச் சங்கிலி

கேள்வி: தீபாவளி நெருங்கினால் எங்கள் பிள்ளைகள் புத்தாடை, அங்பாவ் (பணம் வைத்துத் தரும் அன்பளிப்பு உறை) பற்றியே பேசுகிறார்கள். நன்றியுணர்வைப் பழக்கக் காகிதக் கைவேலை ஏதேனும் உண்டா? — ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: காகிதச் சங்கிலி செய்யுங்கள். ஏ4 வண்ணத்தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால், நீளவாக்கில் 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால், ஒருவருக்கு ஒரு வாரத்துக்கான 7 பட்டைகள் கிடைத்துவிடும். இரவு உணவுக்குப் பின் ஒவ்வொருவரும் அன்று தமக்கு உதவியவரையும் அவர் செய்ததையும் எழுதி, எழுத்து வெளியே தெரியுமாறு வளைத்து, முந்தைய வளையத்தில் கோத்து ஒட்ட வேண்டும். "பாட்டிக்கு நன்றி" என்று பொதுவாக எழுத விடாதீர்கள்; "மழையில் பள்ளிப் பேருந்துவரை குடைபிடித்து வந்த பாட்டி" என்று எழுதும்போதுதான் பிள்ளை உண்மையாகவே நினைத்துப் பார்க்கிறது. எழுதத் தெரியாத சின்னவர்கள் படம் வரையலாம். தீபாவளிக்கு முதல் நாள், உரியவர்கள் கேட்க அனைத்தையும் வாசித்துவிட்டு, அகல் விளக்குகளுக்கு எட்டாத உயரத்தில் சங்கிலியைக் கட்டுங்கள்.