கத்திரி வெயில், ஐப்பசி மழை, ஒரு சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 47. காட்பாடியை அடுத்த எங்கள் ஊரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, வேலூரில் நான் வேலை பார்க்கும் குடோனுக்கு நாள்தோறும் 9 கி.மீ. சைக்கிளில் போய் வருகிறேன். தகரக் கூரை போட்ட கட்டடம். காலை 7 மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் 3.30-க்கு முடியும். இரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளாகக் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கின்றன. கடந்த மே மாதம் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியதும் கண் இருட்டி, இரண்டு முறை அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மழைக்காலத்தில் தொடை இடுக்கிலும் கால்விரல் இடுக்கிலும் அரிப்பு வருகிறது. மருந்துக்கடையில் கொடுக்கும் களிம்பைப் போட்டால் அடங்குகிறது, பிறகு முன்னைவிட அதிகமாகப் பரவுகிறது. மழையில் நனைந்தால் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார்; சைக்கிளையே விட்டுவிடச் சொல்கிறார். விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போகவும் வரவும் நீங்கள் மிதிக்கும் நேரத்தைக் கூட்டினால் அந்த அளவு வாரத்தின் முதல் மூன்று நாள்களிலேயே நிறைந்துவிடும்; உங்கள் இரத்த அழுத்தம் ஒரே மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறதென்றால் அதில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் மழைக்குக் கொடுக்கும் அச்சத்தின் பெரும்பகுதியை வெயிலுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே நிறுத்திப் படிக்க வைத்தது நிமோனியா பற்றிய வரியன்று. வாசலில் கண் இருட்டி உட்கார்ந்ததைச் சொல்லும் வரியே.

மிதித்துக்கொண்டிருக்கும்போது வராத மயக்கம் இறங்கியவுடன் வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. மிதிக்கும்போது தொடை, கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி, கால்களில் தேங்கும் இரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வெயிலில் உடல் தன் சூட்டைத் தணிக்கத் தோலின் இரத்தக் குழாய்களையும் விரித்து வைத்திருக்கும். நீங்கள் இறங்கி அசையாமல் நின்ற கணத்தில் தசைகளின் அந்த உதவி நின்றுவிடுகிறது. விரிந்த குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கின்றன. இரத்தம் காலில் தங்கி மூளைக்குப் போவது சில நொடிகள் குறைகிறது. போதாக்குறைக்கு, ஓடும் சைக்கிள் தானே உண்டாக்கும் காற்றும் நின்றுவிடுவதால் அதுவரை உலர்ந்துகொண்டிருந்த வியர்வை வழியத் தொடங்குகிறது. வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். ஆகவே வீடு நெருங்கும்போது கடைசி ஐந்து நிமிடம் மெல்ல மிதியுங்கள். இறங்கியபின் நின்றுவிடாமல் நிழலில் சற்று நடந்துவிட்டு உட்காருங்கள்.

இதோடு உங்கள் வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்திரி நாள்களில் வேலூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வியப்பில்லை. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று இவ்வளவு உள்ளே வந்து சேர மாலையாகிவிடும், பல நாள்களில் வருவதே இல்லை. சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பி வீசிக்கொண்டிருக்கும். நாளின் உச்ச வெப்பம் பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் என்பதால், நீங்கள் புறப்படும் நேரம் கிட்டத்தட்ட மிக மோசமான நேரம். அதற்கு முன்பே தகரக் கூரையின் கீழ் எட்டு மணிநேரம் வியர்த்திருக்கிறீர்கள். வீட்டுக்குத் திரும்பும் பயணத்தை நீங்கள் வறண்ட உடலோடு தொடங்குகிறீர்கள்.

அடுத்தது மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு என்பது சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. டெல்மிசார்டான் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. இரண்டும் நல்ல மருந்துகள்தாம். ஆயினும் மே மாதத்தில் வியர்வையும் அதே உப்பையும் நீரையும் எடுத்துக்கொண்டு போகும்போது, ஜனவரியில் சரியாக இருந்த அளவு மிகையாகிவிடக்கூடும். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; அது மயக்கத்தைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய்விடும். உங்கள் மருத்துவரிடம் சென்று, படுத்த நிலையில் ஒரு முறையும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் வெயில் மாதங்களுக்கு மட்டும் மருந்தை மாற்றிக் கொடுப்பதை அவர் யோசிப்பார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் தேவை. ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: முழங்கால் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கி இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, நீர் வற்றிய உடலில் உங்கள் மாத்திரையிலுள்ள இரண்டு மருந்துகளோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

முடியுமானால் மே மாதத்தில் மட்டும் மாலை 5 மணிக்குப் பிறகு புறப்படுங்கள்; முதலாளி இடம் கொடுத்தால் குடோனிலேயே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். முடியாதெனில் அந்தச் சில வாரங்களுக்கு டவுன் பஸ்ஸில் போய் வருவதில் எந்த இழுக்கும் இல்லை. விடுமுறைக்குப் பிறகோ காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகோ வெயிலில் மீண்டும் மிதிக்கத் தொடங்கும்போது, உடல் சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால் முதல் நாள்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பதோடு, வேலை நேரத்திலும் தாகத்துக்குக் காத்திராமல் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிட அடர்ந்துபோனால் குடித்தது போதவில்லை என்று பொருள். இரத்த அழுத்தக்காரருக்கு உப்பு ஆகாது என்பதற்காக மோரில் ஒரு சிட்டிகை உப்புக்கூட வேண்டாம் என்பவர்கள் உண்டு. நாள் முழுதும் வியர்த்தவருக்கு அது தேவைதான். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தால் கணக்குச் சரியாகிவிடும். நீர்மோர், கேழ்வரகுக் கூழ், நுங்கு எல்லாமே நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நாள்தோறும் குடிக்கும் குளிர்பானமாக்க வேண்டாம். மிகுதியாக வியர்த்துத் தசை இழுத்துப் பிடிக்கும் நாளில், பெரிய பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள்.

இறங்கிய பின் வரும் மயக்கத்தைப் பற்றித்தான் இதுவரை எழுதினேன். மிதித்துக்கொண்டிருக்கும்போதே மயக்கமோ நெஞ்சில் இறுக்கமோ இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் அது வேறு வகை, இ.சி.ஜி. எடுத்து இதயத்தைச் சோதிக்காமல் மீண்டும் சைக்கிளில் ஏறக் கூடாது. வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடல் கொதித்துக் கிடந்தால் அது வெப்பவாதம். நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்; நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இனி மழை. சளியையும் நிமோனியாவையும் உண்டாக்குவன வைரஸ்களும் பாக்டீரியாக்களும், மழைத்தண்ணீர் அன்று. ஆனால் உங்கள் மனைவியார் சொல்வதை முற்றிலும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. 2005-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேர் இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் காலை வைத்திருந்தனர். அடுத்த சில நாள்களில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் அவர்களிடையே அதிகமாக இருந்தனர். அவர்களுக்கு வைரஸ் பரிசோதனை செய்யப்படாததால் அதைக் கொண்டு பெரிய முடிவுக்கு வர முடியாது. மூக்கில் ஏற்கெனவே குடியேறிய வைரஸுக்குக் குளிர் வழிவிடுகிறது என்று வேண்டுமானால் கருதலாம். எப்படியாயினும், நம் ஊர் மழையில் அரை மணிநேரம் நனைவது ஆரோக்கியமான நுரையீரலை நிமோனியாவுக்குத் தள்ளாது. ஆஸ்துமா இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன். போய்ச் சேர்ந்ததும் துடைத்து உலர்ந்த துணி மாற்றிக்கொள்வதுதான் முக்கியம். மார்கழிப் பனியில் மட்டும் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டும். காதையும் மார்பையும் மூடிக்கொண்டு, முதல் சில நிமிடங்கள் மெல்ல மிதித்தால் போதும்.

மழையில் உண்மையான ஆபத்து சாலையில்தான் இருக்கிறது. ஒரு கையில் குடையும் மறு கையில் ஹேண்டில்பாருமாக ஓட்டுபவர்களை நம் ஊரில் நாள்தோறும் பார்க்கலாம். மணிக்கட்டு முறிவுக்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக், ஈரத்தில் வழக்கமான தூரத்தில் நிற்காது. முதல் மழையில் சாலையின் எண்ணெய்ப் பசை மேலே மிதந்து வழுக்கும். தேங்கிய நீருக்கடியில் பள்ளமா சாக்கடை மூடியா என்று தெரியாது. விழுந்து சிராய்த்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணி மாலைகளில் வரும் மழை இடியோடு வருவது. இடி கேட்டால் பாலத்தின் மேல் ஏறாதீர்கள். திறந்த ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்பது நீங்கள்தான். ரப்பர் டயர் மின்னலிலிருந்து காக்கும் என்பது வெறும் நம்பிக்கை. புளியமரத்தடியில் ஒதுங்காமல் ஒரு கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணிநேரம் கழித்துப் புறப்படுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய நீர் வேறு வகைத் தொல்லை. எலியின் சிறுநீரும் மாட்டின் சிறுநீரும் கலந்த நீரில் காலை வைத்து நடக்கும்போது, விரலிடுக்குப் புண் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி நுழையலாம். உங்கள் காலில் அந்தப் புண் ஏற்கெனவே இருக்கிறது. ஏரிக்கரைப் புதர் வழியாகக் குறுக்கே போவதும் ஒதுங்குவதும் உண்டானால், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸையும் மனத்தில் கொள்ளுங்கள்; மழைக்குப் பிந்தைய மாதங்களில் வேலூர் வட்டாரத்து மருத்துவர்கள் அதை அடிக்கடி பார்க்கிறார்கள். கடித்த இடத்தில் வலியில்லாத கருநிறப் பொருக்கு இருக்கும்; அக்குளிலோ தொடை இடுக்கிலோ அரைஞாண் கயிற்றின் அடியிலோ மறைந்திருப்பதால் தேடினால்தான் தெரியும். நனைந்த சில நாள்கள் முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், எந்தத் தண்ணீரில் நடந்தீர்கள், எந்தப் புதரில் ஒதுங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இரண்டு நோய்களும் டாக்சிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படுவன. காலம் தாழ்த்தினால்தான் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தொடும்.

கடைசியாக அரிப்பு. தொடை இடுக்கில் உள்ளது படர்தாமரையாகவும், விரலிடுக்கில் உள்ளது சேற்றுப்புண்ணாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் பூஞ்சைத் தொற்று. போட்டால் அடங்கி, விட்டால் பரவும் களிம்பில் குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். டியூபின் மேல் அச்சிட்ட பெயர்களைப் படித்துப் பாருங்கள். அப்படியானால் அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், பரவியிருப்பதால் மாத்திரையும் தேவைப்படலாம். அவர் தரும் களிம்பைத் தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து போட வேண்டும். பலர் அரிப்பு நின்ற அன்றே நிறுத்தி மீண்டும் வாங்கிக்கொள்கிறார்கள். குடோனில் ஒரு செட் உலர்ந்த உள்ளாடையும் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் ஷூவும் சாக்ஸும் வேண்டாம், ரப்பர் செருப்பில் போய் அங்கே காலை உலர்த்தி மாற்றலாம். உங்கள் துண்டை வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது; மற்றவருக்கும் அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்ந்தே சிகிச்சை வேண்டும். 47 வயதில், இரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்குப் பூஞ்சை விடாமல் திரும்பி வருகிறதென்றால் மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிரியேட்டினினுக்கு இரத்தம் எடுக்கும் அதே நாளில், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.