கம்பெனி எடுத்துக்கொண்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,
மாமா வீட்டுப் பரணில் பழைய போலராய்டு கேமரா கிடைத்தது. படம் எடுத்து, சற்றுப் பொறுத்து, தாளை உரித்துப் பார்க்கும் வகை. இப்போது ஃபிலிம் கிடைப்பதில்லை. ஃபியூஜி மாதிரி ஒரு பெரிய ஃபிலிம் நிறுவனம் இந்தத் தயாரிப்பை எடுத்துக்கொண்டால் சரியாகிவிடாதா? சின்னக் கம்பெனிகளால் தரம் கொடுக்க முடியுமா?
ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள தம்பி,

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு ஸ்டுடியோவைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்று. அந்த வகை ஃபிலிமைப் போலராய்டு கைவிட்ட பிறகும் செய்துகொண்டிருந்தது ஃபியூஜிதான். 2016இல் அதுவும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இதைத் தேடிப் பார்க்காமலேயே அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களே! 1998 முதல் இன்ஸ்டாக்ஸ் என்ற உடனடிப் பட ஃபிலிம் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அது உங்கள் கேமராவில் நுழையாது. கோடக்கும் 1976இல் இந்தத் தொழிலில் இறங்கியது. போலராய்டு காப்புரிமை வழக்குப் போட்டு வென்றது. 1986இல் கோடக் விலகியபோது, வாங்கியவர்களிடம் ஃபிலிம் இல்லாத கேமராதான் மிஞ்சியது.

பெரிய கம்பெனிக்கு இது நூறு சரக்கில் ஒன்று. கணக்கு இடித்தால் முதலில் வெட்டுவது இதைத்தான்.

அந்த ஸ்டுடியோ அண்ணன் பாஸ்போர்ட் சைஸ் படத்தை இந்த ஃபிலிமில்தான் எடுப்பார். பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் விண்ணப்பத்தோடு ஓடிவருபவர்களுக்குக் கையோடு படம் வேண்டும். இரண்டு தாளுக்கும் நடுவில் பரவும் மருந்துப் பசைதான் படத்தைக் கொண்டுவரும். வெயிலில் அது வேகமாக வேலை செய்யும். சித்திரையில் எப்போது உரிப்பது, மார்கழிக் காலையில் எவ்வளவு பொறுப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குளிர்நாளில் ஃபிலிம் பேக்கைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குவார். அவர் கடையை விட்ட பிறகு அதே கேமராவை வாங்கியவர் எடுத்ததெல்லாம் வெளிறிப்போன முகங்கள்.

ஆலையும் அப்படித்தான் தம்பி. 2008இல் போலராய்டு உற்பத்தியை நிறுத்தியபோது, நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஆலையின் இயந்திரங்களை இம்பாசிபிள் என்ற சின்னக் குழு வாங்கியது. பழைய தொழிலாளிகள் சிலரையும் கூடவே வைத்துக்கொண்டது. பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை, கலவையையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த ஃபிலிமில், படம் வெளியே வந்த கணமே வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டும். தரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று அவர்கள் ஃபிலிம் (உங்கள் உரிக்கும் வகை அல்ல) போலராய்டு என்ற பெயரிலேயே வருகிறது என்றால், அந்தத் தொழிலாளிகள் கலைந்துபோகாததால்தான். நம் ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்த ஆலையும் இருந்தது. கும்மிருட்டில் ஃபிலிமுக்கு மருந்து பூசத் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆலையை மூடினோம், அவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

கேமராவைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள். கிருஷ்ணகிரியில் பழைய ஸ்டுடியோக்காரர் யாராவது இருப்பார். எந்த வெயிலில் எவ்வளவு நேரம் பொறுத்து உரித்தார் என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.