குழம்பு மீனுக்கு எத்தனை கண்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறோம். கணவர் ஓர் அணுமின் நிலையத்தில் பொறியாளர். மகனுக்கு ஒன்பது வயது. சில மாதங்களாக ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனைப் பழைய சீசன்களிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் அணுக்கழிவால் மீனுக்கு மூன்றாவது கண் முளைக்கிறதாம். போன மாதம் கணவர் நிலையத்தை ஒட்டிய ஏரியில் கெளுத்தி பிடித்து வந்தார். அன்றிலிருந்து மீன் என்றாலே பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான். “அப்பா, உங்க ஆபீஸ் குப்பையை எங்கே கொட்டுறீங்க?” என்று கேட்கிறான். அவர் சிரித்து மழுப்பிவிடுகிறார். கார்ட்டூனை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, இல்லினாய்

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. நிறுத்தினால், ‘இதில் ஏதோ இருக்கிறது, அம்மா மறைக்கிறாள்’ என்றுதான் அவனுக்குத் தோன்றும். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் சேனல்களே உலை விபத்தைக் கேலி செய்யும் எபிசோடுகளை ஒதுக்கி வைத்தன. அவர்களுக்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. உங்கள் வீட்டில் அந்தக் காரணம் இல்லை.

அந்த மூன்று கண் மீன் எபிசோடை அவனோடு சேர்ந்து நீங்களும் ஒருமுறை பாருங்கள். 1990 நவம்பரில் வந்தது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமரின் மகன் பார்ட் தூண்டில் போட, பிளிங்கி என்ற அந்த மூன்று கண் மீன் மாட்டுகிறது. அரசாங்க ஆய்வாளர்கள் நிலையத்துக்கு வந்து ஓட்டை உடைசல்களை எல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். சரிசெய்யக் காசு செலவாகுமே என்று முதலாளி பர்ன்ஸ் கவர்னர் தேர்தலிலேயே நின்றுவிடுகிறார். மூன்றாவது கண் குறையே அல்ல, இயற்கையின் அடுத்த படி என்று டிவியில் விளம்பரம் செய்கிறார்! வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு பர்ன்ஸுக்கு ஹோமர் வீட்டில் சாப்பாடு. ஹோமரின் மனைவி மார்ஜ் அதே மீனை, கண் மூன்றும் தெரிய, அவர் தட்டில் வைக்கிறாள். ஒரு வாய் வைத்தவர் விழுங்க முடியாமல் துப்புகிறார். தேர்தல் அதோடு முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. சமைக்கிறவள் ஒரு வார்த்தை வாதாடவில்லை, பரிமாறினாள், அவ்வளவுதான். உங்கள் பையன் இதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான் என்பது என் எண்ணம். “நீ சொல்வது உண்மையானால் நீயே சாப்பிடு” என்பதுதான் அந்தக் கதை. அவன் அப்பாவிடம் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். மழுப்பினால் அப்பாவும் பர்ன்ஸ் ஆகிவிடுகிறார், பாவம்.

அதனால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். தொழில் தெரிந்தவர். ‘சும்மா கார்ட்டூன்டா’ என்று தள்ளிவிடாமல், எது பொய், எது நிஜம் என்று பிரித்துச் சொன்னால் போதும்.

பொய் எது? முதலில் அந்தப் பச்சை. தொடரின் தொடக்கத்தில் ஹோமர் இடுக்கியில் பிடித்திருக்கும் பச்சைக் குச்சி சட்டைக் காலருக்குள் விழுந்து, பிறகு கார் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறதே, அப்படி ஒரு வஸ்து கிடையாது. உலையில் எரிபொருள் என்பது சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு வில்லைகள். பீங்கான் மாதிரி சுட்டெடுத்த யுரேனியம் ஆக்சைடு. அவற்றை நீண்ட உலோகக் குழாய்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒழுகாது, கொழகொழவென்று இருக்காது. எரிந்து முடிந்து வெளியே எடுத்தால் ஆழமான தண்ணீர்த் தொட்டியில் சில வருடம் கிடக்கும். அங்கே அது ஒளிர்வது உண்டு, ஆனால் நீல நிறத்தில். தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தைவிட எலக்ட்ரான்கள் வேகமாகப் பாயும்போது வரும் நீலம் அது. பச்சை ஒருவேளை பழைய கைக்கடிகாரங்களிலிருந்து வந்திருக்கலாம். முள்ளில் பூசிய ரேடியம் சாயம் இருட்டில் பச்சையாக மின்னும். அந்தப் பச்சைகூட ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்ஃபைடின் நிறம்தான்.

அப்புறம், உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த, எரிந்து முடிந்த எரிபொருள் நிஜமாகவே ஒருவர் காலருக்குள் விழுந்தால் அவர் வீட்டு சோபாவுக்கு வந்து சேரமாட்டார். இதையும் பையனிடம் சொல்லலாம். ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆபத்து இருப்பதால்தான் அத்தனை தண்ணீர், அத்தனை கான்கிரீட்.

ஏரி விஷயம். நீங்கள் பெயர் சொல்லவில்லை. இல்லினாயில் கிளிண்டன், லாசால், பிரெய்ட்வுட் என்று அணுமின் நிலையத்துக்காகவே உண்டாக்கிய ஏரிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஜனங்கள் தூண்டில் போடுகிறார்கள். ஏரித் தண்ணீர் குழாய்களுக்குள் ஓடி, அந்தக் குழாய்களுக்கு வெளியே இருக்கும் நீராவியைக் குளிரவைத்துவிட்டு வெதுவெதுப்பாகத் திரும்புகிறது. எரிபொருளைத் தொட்ட தண்ணீர் வேறு சுற்றில் ஓடுவது. சொல்லப்போனால் இல்லினாய் ஏரி மீனில் சிறுவர்களுக்கு அளவு சொல்வது பாதரசத்துக்காக. மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் அது அதிகம் சேரும். காற்றில் கலக்கும் பாதரசத்தில் நிலக்கரிப் புகைக்கும் பங்குண்டு. பாதரசத்தால் மூன்றாம் கண் முளைக்காததால் யாரும் கார்ட்டூன் போடவில்லை.

இனி நிஜம். அந்தத் தொடரில் கழிவு வரும் இடமெல்லாம் கவனித்துப் பாருங்கள், ஒருவர் அதை ஒளித்து வைத்துக்கொண்டிருப்பார். மோனோரயில் எபிசோடில், அது 1993, பர்ன்ஸும் அவர் உதவியாளர் ஸ்மிதர்ஸும் பூங்கா மரத்துக்குள் கழிவு டிரம்மைத் திணிக்கும்போது பிடிபடுகிறார்கள். அபராதம் முப்பது லட்சம் டாலர். உங்கள் மாநிலத்திலேயே பிரெய்ட்வுட் நிலையக் குழாயிலிருந்து ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த நீர் 1990-களிலிருந்தே கசிந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்களுக்கு அது தெரியவந்தது 2005 கடைசியில்தான். கசிந்த அளவைவிட அந்தத் தாமதம்தான் ஊராரைக் கொதிக்கவைத்தது. ‘எங்கே கொட்டுறீங்க?’ என்ற கேள்விக்கு அமெரிக்கா முழுவதற்குமாக இன்னும் விடை இல்லை. நெவாடாவில் யக்கா மலையை 1987-லேயே தேர்ந்தெடுத்தார்கள், அது நின்றுபோனது. அதனால் பழைய எரிபொருள் பெரும்பாலும் அந்தந்த நிலைய வளாகத்திலேயே, தொட்டியிலும் எஃகு-கான்கிரீட் உருளைகளிலுமாக இருக்கிறது. “நாங்கள் கொட்டுவதில்லை, பூட்டி வைத்துக் காவல் காக்கிறோம், கடைசி இடம் இன்னும் முடிவாகவில்லை” என்று உங்கள் கணவர் சொல்லலாம். ஒன்பது வயதுப் பையனுக்கு இது புரியும்.

ஒரு சனிக்கிழமை அவனைச் சிகாகோவுக்குத் தென்மேற்கே ரெட் கேட் காட்டுக்கு அழைத்துப் போங்கள். உலகின் முதல் அணு உலை 1942 டிசம்பர் 2-இல் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு மைதானப் படிக்கட்டுகளுக்கு அடியில் இயங்கியது. மறு வருடமே அதைக் கழற்றி அந்தக் காட்டில் திரும்பக் கட்டினார்கள். பிற்பாடு உலைகளை அங்கேயே புதைத்தார்கள். ஆய்வுக் கழிவைப் புதைத்த இடம் கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவே. அங்கே ஒரு கருங்கல். ‘எச்சரிக்கை, தோண்டாதீர்கள்’ என்று ஆரம்பித்து, 1943 முதல் 1949 வரை நடந்த அணு ஆராய்ச்சியின் கதிரியக்கப் பொருள் இங்கே புதைந்திருக்கிறது, பார்வையாளர்களுக்கு ஆபத்தில்லை என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். 1970-களில் பக்கத்து அடிபம்புத் தண்ணீரில் ட்ரிட்டியம் தென்பட்ட கதையும் அந்த இடத்துக்கு உண்டு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். பர்ன்ஸின் மரத்தையும் இந்தக் கல்லையும் அவனே ஒப்பிட்டுக்கொள்வான்.

போகும்போது புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். மீன் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் வஞ்சிரம் இல்லினாய் ஏரியை எட்டிக்கூடப் பார்த்திருக்காது என்று அவனுக்கு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்படியும் தட்டைத் தள்ளினால் ஒரு மாதம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வையுங்கள்.