சவேரியார் திருத்திய ஒரு சொல்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு கோவா போகிறோம். புனித சவேரியாரின் உடலைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியுமா?
– வாசகர், முதலியார்பேட்டை

முடியாது. போம் ஜேசு பசிலிக்காவில் வெள்ளிப் பேழையை உயரமான பீடத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கீழே இறக்குவார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை இறக்கி வைத்திருந்தார்கள். கிட்டப் போக ஆசை என்றால் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மணப்பாடு இருக்கிறது. அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லும் குகைக்குள்ளேயே போய் வரலாம்.

கேள்வி: அக்கா, எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வியில் எனக்குப் பதினோரு பிள்ளைகள். ஒன்பது, பத்து வயசு. பாதிப் பேருக்கு விசுவாசப் பிரமாணமே இன்னும் பாடமில்லை. போன வாரம் பொறுமை போய் ஒருவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். டிசம்பர் 3 திருவிழாவில் 'சவேரியார் காட்டும் வழி' என்று பேசச் சொல்லியிருக்கிறார் சாமியார். கடல் கடந்து வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் எங்கே, நான் எங்கே? என்ன பேசுவது?
– வாசகி, கடலூர் முதுநகர்

கை ஓங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களேம்மா, அதற்கே உங்களைப் பிடித்துப்போயிற்று.

சவேரியார் என்றதும் நமக்குக் கொடியேற்றமும் தேரும் கோவாவும்தான் நினைவுக்கு வருகின்றன. 1542 கடைசியில் அவர் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது இருந்த நிலைமையைப் பாருங்கள். பரதவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சில வருடம் முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. கேட்டால் 'நாங்கள் கிறிஸ்தவர்கள்' என்பார்கள், அதற்கு மேல் எதுவும் தெரியாது என்று அவரே கடிதத்தில் எழுதுகிறார். ஆக, அவருக்கு இங்கே முதலில் கிடைத்தது உங்கள் வேலைதான், மறைக்கல்வி வகுப்பு.

அதுவும் தெரியாத பாஷையில். இரண்டு மொழியும் அறிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார். அப்புறம் அதைத் தானே உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். பாரீஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே பாடம் நடத்தியவர், முப்பத்தாறு வயதில் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தினமும் இரண்டு வேளை, ஒரு மாதம் முழுக்க.

இனி சொல்லப்போவதைத்தான் நீங்கள் மேடையில் சொல்ல வேண்டும். விசுவாசப் பிரமாணத்தின் அந்த மொழிபெயர்ப்பில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. ஊர் ஊராக அப்படியே சொல்லிக்கொடுத்தும்விட்டார்கள். விஷயம் புரிந்ததும், 1544இல், தன்னோடு ஊழியம் செய்த பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு எழுதுகிறார்: 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம், அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று. போர்த்துக்கீசியக் கடிதத்துக்கு நடுவே நம் 'வேணும்'! மீன் கடையில் தினமும் சொல்கிற அதே சொல்லை, 480 வருடத்துக்கு முந்தைய கடிதத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பேருக்குச் சொல்லியாயிற்றே, போகட்டும் என்று அவர் விடவில்லை. எத்தனை அற்புதங்களைப் பற்றிச் சொன்னாலும் எனக்கு அவரிடம் இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த மான்சிலாஸ் சட்டென்று பொறுமை இழக்கிறவர், உங்களையும் என்னையும் போல. அவருக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே வேண்டுகோள்: இவர்களிடம் அன்பாக இருங்கள், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் எப்படி இருப்பானோ அப்படிப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவரில்லை அவர். 1544 ஜூனில் வடக்கேயிருந்து வந்த வடுகர் படைக்குப் பயந்து கன்னியாகுமரிப் பக்கம் ஜனங்கள் ஓடி, பசியில் தவித்தபோது, இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் முன்பு என் வகுப்பில் குருசுக்குப்பத்துப் பையன் ஒருவன். விசுவாசப் பிரமாணம் மூன்றாவது வரியைத் தாண்டாது. ஒருநாள் எல்லார் முன்னாலும் 'மண்டையில் களிமண்ணா?' என்று கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். காலை ஆறரை மணி. கடற்கரையில் அப்பாவோடு உட்கார்ந்து, வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். விரலெல்லாம் கீறல், முழங்கை வரை செதில். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பசியோடு வகுப்புக்கு வந்திருக்கிறான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. 'டீச்சர் பேசினது தப்புப்பா' என்றேன். அவன் தலை நிமிரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் உட்கார்ந்து, 'இது என்ன மீன்?' என்று கேட்டேன். நெத்திலி, சங்கரா, பாறை, சீலா என்று ஆரம்பித்தான். என் வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னேன். நாற்பத்து மூன்று பெயர், ஒன்றைக்கூடத் திரும்ப எழுதவில்லை.

அதனால், பேச்சைத் தயார் பண்ணுவதற்கு முன்னால் பாடம் வராத அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

சவேரியார் செய்த இன்னொன்று உங்களுக்கு உதவும். நோயாளிகள் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அவரால் போக முடியாதபோது, மந்திரம் படித்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்துக்கொண்டு செபம் சொன்னார்கள். உங்கள் பதினோரு பேரையும் இரண்டு மூன்று பேராகப் பிரித்து, பங்கில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் அழைத்துப் போங்கள். வகுப்பில் வராத மந்திரம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தானாக வரும். நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். மற்றவர்கள் கும்பிடுகிற தெய்வங்களைப் பற்றியும் அவர் அந்தக் கடிதங்களில் கடுமையாக எழுதியிருக்கிறார். அதை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் தள்ளுவதில்லை என்று 1965இல் நம் திருச்சபையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்திருக்கிறது. தன் தப்பைத் தானே திருத்திய புனிதர், இதற்காக நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.

அந்தப் பையன் மறு ஞாயிறு வந்தான், கொஞ்சம் தாமதமாக. மீன் பட்டியலில் 'கானாங்கத்த' என்று எழுதியிருந்ததை நான் பேனாவால் அடித்து 'கானாங்கெளுத்தி' என்று எழுதப் போனேன். 'எங்க குப்பத்துல இப்படித்தான் டீச்சர்' என்றான். சரி என்று பேனாவை மூடிவிட்டேன்.